வேலையை விட்டுவிட்டு வலைப்பதிவு எழுதலாமா? டர்பனிலிருந்து ஒரு கணக்கு

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. பெருமாளுக்குப் படைத்து, எல்லோரும் சாப்பிட்டு முடித்து, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என் கணவரின் அண்ணன் மகள் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கிறாள், கால் சென்டரில் வேலை. ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. "சின்னம்மா, நீங்க இத்தனை வருஷமா எழுதுறீங்களே, அதுல வர்ற விளம்பரக் காசை வச்சு ஒரு ஆள் பிழைக்க முடியுமா? மழுப்பாம சொல்லுங்க" என்றாள்.

கோவிலில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மாக்களும் இதையே கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் "கொஞ்சம் வரும், பெரிசா இல்ல" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். வேலை போகப்போகிற பெண்ணிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து, ஒவ்வொரு வழியையும் எடுத்து வைத்துக் கணக்குப் போட்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எவ்வளவு வேண்டும்?

பிழைப்பு என்றால் ஒரு தொகை வேண்டும். 2025 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரான்ட் (இந்த நாட்டுப் பணம்) ஆனது. ஆண்டுதோறும் மார்ச்சில் கொஞ்சம் ஏறும். வாரத்துக்கு 45 மணி நேரம் வேலை செய்தால் மாதம் ஏறத்தாழ 5,600 ரான்ட். அதை வைத்து வீட்டு வாடகை கொடுத்து வாழ முடியாது. ஆனாலும் அதற்குக் கீழே போனால் அதைத் தொழில் என்று சொல்ல முடியாது, ஆகவே அதையே கோடாக வைத்துக்கொண்டோம்.

டாலருக்கு 18 ரான்ட் என்று வைத்தால் இது 311 டாலர். ஒரு பக்கத்தை ஆயிரம் தடவை பார்த்தால் ஒரு டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: மாதம் 3,11,000 பார்வை வேண்டும், ஒரு நாளைக்குப் பத்தாயிரத்துக்கு மேல். ஆயிரத்துக்கு ஐந்து டாலர் கிடைத்தால் 62,000 போதும், நாளைக்கு இரண்டாயிரம். ஒன்று, ஐந்து என்பது சும்மா கணக்குக்குச் சொன்னதுதான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பாருங்கள். அந்தத் தூரத்தை உழைப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. யாருக்காக, எந்த மொழியில் எழுதுகிறோம் என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

கூகுள் விளம்பரம்: தமிழிலா, ஆங்கிலத்திலா?

ஆட்சென்ஸ் 2003இல் வந்தது. நம் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தால் கூகுளே விளம்பரம் போட்டு, காசில் பங்கு கொடுக்கும். விளம்பரதாரர் கொடுப்பதில் 68 விழுக்காடு எழுதுகிறவருக்கு வருகிறது. முன்பெல்லாம் பெரும்பாலும் யாராவது கிளிக் செய்தால்தான் காசு. 2024இலிருந்து விளம்பரம் கண்ணில் படுவதற்கே கணக்கு. ஒருவர் பக்கத்தைத் திறக்கிற அந்த நொடியில் ஏலம் நடக்கிறது. அந்த வாசகருக்குத் தங்கள் பொருளைக் காட்ட யார் அதிகம் கேட்கிறாரோ அவர் விளம்பரம் வரும்.

அதனால் பெர்த்தில் ஒருவர் திறக்கும்போது கிடைக்கும் காசும், மதுரையில் ஒருவர் திறக்கும்போது கிடைக்கும் காசும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, கனடா வாசகருக்கு ஏலத் தொகை அதிகம். இந்தியா, இலங்கை வாசகருக்கு மிகக் குறைவு. தென்னாப்பிரிக்கா நடுவில் எங்கோ நிற்கிறது.

தமிழ்ப் பக்கங்களுக்கு ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில்தான் திறந்தது. அதற்கு முன் தமிழில் எழுதினவர்களுக்கு அந்தக் கதவே கிடையாது. இப்போது இருக்கிறது, ஆனால் தமிழில் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான். டர்பனில் உட்கார்ந்து எழுதுகிறேன், படிக்கிறவர்கள் கோவையிலும் திருநெல்வேலியிலும் இருக்கிறார்கள். சிங்கப்பூர், கனடாவிலிருந்து சிலர். இங்கே என் தெருவில் இருக்கிற தமிழர்கள் அதைப் படிப்பதில்லை, ஏனென்றால் அவர்கள் வீட்டுப் பேச்சே இரண்டு மூன்று தலைமுறையாக ஆங்கிலம். தேவாரம் பாடுவார்கள், காவடி எடுப்பார்கள், ஆனால் ஒரு பத்தி தமிழ் படிக்கச் சொன்னால் தடுமாறுவார்கள். அவர்கள் மேல் குறை சொல்லவில்லை. ஆண்டாண்டு காலம் பள்ளிக்கூடத்தில் ஆங்கில வழியிலேயே படித்தவர்களுக்கு வேறு என்ன ஆகும்?

ஆகவே தமிழில் எழுதி, கூகுள் விளம்பரத்தை மட்டும் நம்பி டர்பனில் வாழ்வது என்றால் அந்த நாளைக்குப் பத்தாயிரம் பார்வைக் கணக்குக்குத்தான் போகும். அவ்வளவு பேரைத் திரட்ட வேண்டுமென்றால் தமிழ்நாட்டுச் செய்தி, சினிமா, அரசுத் திட்டம் என்று எழுத வேண்டும். அதை அங்கே இருக்கிறவர்கள் நம்மைவிட வேகமாக எழுதுவார்கள்.

ஆங்கிலத்தில் கதை வேறு. அவளிடம் இதை மட்டும் மூன்று தடவை சொன்னேன். டர்பனிலிருந்து பெர்த், ஆக்லாந்து, லண்டன், டொராண்டோ என்று போய்க் குடியேறிய நம் குடும்பங்கள் எத்தனை! அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா செய்த சமையல் நினைவுக்கு வந்து தேடுகிறவர், டர்பன் பாணியில்தான் தேடுவார். நம் ஊரில் சேப்பங்கிழங்கு என்பதை இங்கே மடும்பி என்கிறார்கள். கீரையை ஹெர்ப்ஸ் என்கிறார்கள். பருப்புக்கு இங்கே 'தோல்' (dholl) என்று பேர். சுகர் பீன்ஸ் கறி, கேட்ரா பீன்ஸ் கறி என்று சென்னையில் கேட்டால் யாருக்கும் தெரியாது. அந்தச் சொற்களைப் போட்டு, எத்தனை சிட்டிகை, எந்த மசாலாத்தூள், உருளைக்கிழங்கு எப்போது போடுவது என்று சரியாக எழுதுகிறவர்கள் குறைவு. தேடுகிறவர் இருக்கிறார், அவர் இருக்கும் ஊரில் ஏலத் தொகையும் அதிகம். புரட்டாசி விரதம் தொடங்குகிற வாரத்தில் கறி மீன் இல்லாமல் இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று இங்கேயும் அங்கேயும் ஒரே நேரத்தில் தேடுகிறார்கள். என் மாமியார் சொல்லி நான் எழுதிய மடும்பிப் புளிக்குழம்பு ஒன்று, நான் தமிழில் எழுதிய முப்பது கட்டுரைகள் சேர்ந்து கொண்டுவந்ததைவிட அதிகம் கொண்டுவந்தது. அதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் வலிக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2024இலிருந்து தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு தொகுத்த சுருக்கம் வந்துவிடுகிறது. விரதம் எந்தத் தேதி, எந்த நேரத்தில் பூஜை என்ற மாதிரிக் கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டால் யாரும் நம் பக்கத்துக்கு வர மாட்டார்கள். அதனால் தகவலை மட்டும் நம்பி எழுதுவதைவிட, படமும் பக்குவமும் வேண்டியிருக்கிற விஷயங்களை எழுதுவது நல்லது.

காசு கைக்கு வருகிற பாதை

கணக்கில் காசு ஏறுவது ஒன்று, கைக்கு வருவது வேறு. ஆட்சென்ஸில் பத்து டாலர் சேர்ந்ததும் நம் விலாசத்துக்குத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புவார்கள். அதில் இருக்கிற எண்ணை நான்கு மாதத்துக்குள் போட வேண்டும், இல்லையென்றால் விளம்பரம் நின்றுவிடும். தபால் ஒழுங்காக வருகிற ஊரில் இது ஒரு விஷயமே இல்லை. எனக்கு முதல் கடிதம் வரவில்லை. இரண்டாவது கேட்டேன், அதுவும் வரவில்லை. வாசல் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்ததில் அதன் கீல்தான் கழன்றது. மூன்றாவதும் வராமல் போன பிறகு அடையாள அட்டையைப் படமெடுத்து ஏற்ற வழி கொடுத்தார்கள், அப்படித்தான் முடிந்தது. ஆகவே பத்து டாலர் வந்த அன்றே முதல் கடிதத்துக்குத் தேதி குறித்துக்கொள்ளுங்கள், கடைசி மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் நூறு டாலர் சேர்ந்தால்தான் காசு அனுப்புவார்கள். வெளிநாட்டுப் பணம் இங்கே வங்கிக்கு வந்தால், அது எதற்காக வந்தது என்று குறியீட்டோடு தெரிவிக்க வேண்டும், ரிசர்வ் வங்கி விதி அது. வங்கி தன் கட்டணத்தையும் எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டணத்துக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்று இருப்பதால், நூறு டாலராக வாங்கினால் விழுக்காட்டில் பெரிதாகக் கடிக்கும். முந்நூறு, நானூறு சேர்த்து வாங்குவது மேல். காசை நிறுத்தி வைக்கும் வசதி ஆட்சென்ஸிலேயே இருக்கிறது. ஆனால் மாதாமாதம் மின்சாரத்துக்கும் பால் ரொட்டிக்கும் கொடுக்க வேண்டியவளால் மூன்று மாதம் காத்திருக்க முடியுமா? அதையும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. இவள் பேசிக்கொண்டிருக்கும்போதே தன் பழைய சமையல் பக்கத்தில் விளம்பரம் போட்டிருப்பதாகவும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "எல்லோரும் தினமும் ஒரு தடவை கிளிக் பண்ணுங்க" என்று போட்டிருப்பதாகவும் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தைமார், மாமன்மார் எல்லோரும் பாசத்தில் செய்வார்கள், ஆனால் விதிப்படி அது போலிக் கிளிக். கணக்கையே மூடிவிடுவார்கள், சேர்ந்த காசும் போகும். கையை ஈரத்தோடு வைத்துக்கொண்டே அந்தச் செய்தியை அழிக்கச் சொன்னேன்.

கடைக்காரரிடம் நேராகப் போவது

இதுதான் நான் அதிகம் நம்புகிற வழி. அதிகம் நடக்க வேண்டிய வழியும் இதுதான்.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு பிரேயர் கூட்ஸ் கடை. கற்பூரம், விபூதி, குங்குமம், பித்தளை விளக்கு, காவடிக் கட்டை, சின்ன வேல் எல்லாம் விற்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு முன் தைப்பூசத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது அந்தக் கடைக்குப் போனேன். காவடி எடுப்பதற்கு என்னென்ன வேண்டும், விரதம் எப்படி இருப்பது என்று நான் எழுதிய ஆங்கிலக் கட்டுரையைப் போனில் காட்டினேன். கடைக்கார ஐயா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு மெதுவாகப் படித்தார். "இதை எத்தனை பேர் பார்க்கிறாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அதில் டர்பன்ல எத்தனை பேர்?" அடுத்த கேள்வி அதுதான். அவர் கேட்டது சரியான கேள்வி. பெர்த்தில் இருக்கிறவர் அவர் கடைக்கு வந்து கற்பூரம் வாங்கப்போவதில்லை.

மாதம் 400 ரான்ட், கட்டுரைக்குக் கீழே கடைப் பெயரும் வாட்ஸ்அப் எண்ணும், பிடிக்கவில்லை என்றால் ஒரு மாதத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று பேசினோம். அவர் கல்லாவுக்குக் கீழே நீல அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். போனில் வரும் ஆர்டரை அதில்தான் எழுதுவார். "யார் சொல்லி போன் பண்றீங்க?" என்று கேட்டு, என் பக்கத்தைப் பார்த்து வந்தவர்களுக்கு ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொன்னேன். மாதம் முடிந்து போனபோது நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். பதினேழு கோடு. அதில் ஒருவர் ஒரு முழுக் காவடிக் கூட்டத்துக்கும் பால்குடம் வாங்கியிருந்தார். அந்த ஐயா இன்று வரை நிறுத்தவில்லை.

எந்தக் கணினியும் காட்டாத கணக்கு அந்த நோட்டில் இருக்கிறது. கடைக்காரருக்குப் புரிகிற கணக்கும் அதுதான்.

காலமும் இதில் நமக்குச் சாதகம். கூகுள் விளம்பரத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல விலை, கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில் விழுந்துவிடும். டர்பனில் ஜனவரி, பிப்ரவரிதான் தைப்பூசக் காவடி. பிறகு பெரிய வெள்ளிக்கிழமையை ஒட்டி மவுண்ட் எட்ஜ்கம்பிலும் இசிப்பிங்கோவிலும் மாரியம்மன் திருவிழா, சித்திரையில் மறுபடி காவடி, ஆடியில் வீட்டுக்கு வீடு கஞ்சி பூஜை, புரட்டாசி, தீபாவளி. பூஜைச் சாமான் கடை, பூக்கடை, சேலைக்கடை, சைவச் சமையல் எடுத்துச் செய்கிறவர்கள், கூடாரமும் நாற்காலியும் வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் எல்லோருக்கும் அந்தந்த மாதத்தில் ஆள் தேவைப்படுகிறது. கூகுள் காசு வற்றுகிற மாதத்தில் கடைக்காரர் காசு ஊறுகிறது.

குறையும் இருக்கிறது. எட்டுக் கடை பிடித்தால் 3,200 ரான்ட். எட்டுக் கடை பிடிக்க நான் ஏறி இறங்கியது முப்பது கடைக்கு மேல். பில் போட வேண்டும், மாதக் கடைசியில் ஞாபகப்படுத்த வேண்டும், "அடுத்த வாரம் பார்க்கலாம்மா" என்று சொல்கிறவர்களிடம் சிரித்துக்கொண்டே மறுபடி போக வேண்டும். கோவிலில் தினமும் பார்க்கிறவரிடம் காசு கேட்பது எல்லோருக்கும் வராது. எனக்கு முதல் ஆறு மாதம் கூச்சமாகத்தான் இருந்தது. கால் சென்டரில் நாளெல்லாம் முன்பின் தெரியாதவர்களிடம் பேசிப் பழகியவளுக்கு இது என்னைவிடச் சுலபமாக வரும் என்று நினைக்கிறேன்.

காசு வாங்கிப் போட்டது விளம்பரம் என்று வாசகருக்குத் தெரியும்படி எழுதிவிடுங்கள். இந்த நாட்டு விளம்பர ஒழுங்கு வாரியம் அதைக் கேட்கிறது. காசுக்காகக் கொடுத்த இணைப்பில் அது விளம்பர இணைப்பு என்ற குறியைச் சேர்க்க வேண்டும் என்று கூகுளும் சொல்கிறது, இல்லையென்றால் தேடலில் நம் பக்கம் இறங்கிவிடலாம். இவற்றையெல்லாம்விட, நான் சாப்பிட்டுப் பார்க்காத மசாலாவை நல்லது என்று எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் யார் முகத்தில் முழிப்பது? நம்மைத் தெரிந்தவர்கள் நடுவில் எழுதுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

யூடியூப்

"எல்லோரும் யூடியூப்தானே சின்னம்மா பண்றாங்க?" என்றாள். சமையலுக்கு வீடியோ பொருத்தமானதுதான். ஆயிரம் சந்தாதாரரும், ஓராண்டுக்குள் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் சேர்ந்தால் விளம்பரப் பங்கு கிடைக்கும். நீள வீடியோவுக்கு 55 விழுக்காடு, ஷார்ட்ஸுக்கு 45. அந்த நாலாயிரம் மணி வருகிற வரை விளம்பரத்தில் ஒரு சென்ட் கிடையாது. எழுதுவதற்கு ஒரு போனும் ஒரு மணி நேரமும் போதும். வீடியோவுக்கு வெளிச்சம், மைக், எடிட்டிங், டேட்டா செலவு, வீட்டில் சத்தமில்லாத ஒரு மதியம் எல்லாம் வேண்டும். நான்கு பேர் இருக்கும் இரண்டு அறை வீட்டில் அது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். காவடி ஊர்வலத்தை எடுத்துப் போடலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பின்னால் ஒலிபெருக்கியில் ஓடுகிற பக்திப் பாட்டு யாராவது ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கும், அந்த வீடியோவின் விளம்பரக் காசு அவர்களுக்குப் போய்விடலாம். தவிலும் நாதஸ்வரமும் நேரில் வாசிக்கிற இடத்தை எடுப்பது கொஞ்சம் நல்லது.

கட்டுரையில் இருக்கிற பக்குவத்துக்கு இரண்டு நிமிட வீடியோ எடுத்து உள்ளே வைப்பது நல்ல துணை. அதையே பிழைப்பாக வைத்துத் தொடங்குவதை இப்போதைக்கு நான் சொல்ல மாட்டேன்.

பொருள் விற்றால் கமிஷன் தருகிற இணைப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிரஷர் குக்கர், மிக்ஸி மாதிரி விலை கூடிய பொருளைப் பற்றி எழுதுகிறவர்களுக்குப் பிரயோஜனம். மடும்பிக் குழம்பு எழுதுகிறவர்களுக்கு என்ன விற்பது?

வரியை மறந்துவிடாதீர்கள். இந்த நாட்டில் வசிப்பவருக்கு எந்த நாட்டிலிருந்து காசு வந்தாலும் அது வருமானம்தான், கூகுள் டாலரும் அதில் சேரும். 2025-26 வரி ஆண்டில் 65 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 95,750 ரான்ட் வரை வரி இல்லாமல் இருந்தது. வலைப்பதிவுக் காசு தொழில் வருமானம் என்பதால், சம்பளக்காரர் மாதிரி இல்லாமல் ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் நாமே கணக்குக் கொடுத்துக் கட்ட வேண்டியிருக்கும். டேட்டா, டொமைன், கடை கடையாகப் போன டாக்ஸிச் செலவு எல்லாவற்றுக்கும் ரசீது எடுத்து வைத்தால் செலவில் கழிக்கலாம்.

தமிழை என்ன செய்வது?

இவ்வளவு சொன்ன பிறகு அவள், "அப்போ நீங்க எதுக்கு இன்னும் தமிழ்ல எழுதுறீங்க?" என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க எழுத்துக்கூட்டுவாள்.

அவள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் இனாண்டாவில் காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பு இருக்கிறது. அவர் இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையை 1903இல் டர்பனில் தொடங்கியபோது ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழியில் வந்தது. எழுதவும் அச்சுக் கோக்கவும் ஆள் கிடைக்காமல் 1906இல் தமிழும் இந்தியும் நின்றன. ஒரு காலத்தில் மாதம் 75 பவுன் தன் கைப்பணத்தைப் போட்டுப் பத்திரிகையை நடத்தியதாக அவரே எழுதியிருக்கிறார். பிறகு விளம்பரமே வேண்டாம் என்று நிறுத்தியும்விட்டார்.  காசு கேட்காத பக்கம் ஒன்று இருக்கலாம் என்பதை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். என் தமிழ்ப் பக்கத்தில் விளம்பரம் கிடையாது. வருகிற சில டாலருக்காக, தமிழ்நாட்டுக் கடன் விளம்பரமும் ரம்மி விளம்பரமும் என் மாமியாரின் கதைகளுக்கு நடுவில் வந்து நிற்க வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். ஆங்கிலப் பக்கம் சம்பாதிக்கட்டும், தமிழ்ப் பக்கம் இருக்கட்டும். தமிழை வைத்துக் காசு வருவது எனக்கு வேறு வழியில்: அதைப் படித்துவிட்டு, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் சொல்லித் தர முடியுமா என்று கேட்டு வருகிறார்கள். அந்த வகுப்புக் கட்டணம் ஆட்சென்ஸைவிட அதிகம்.

அவளுக்கு நான் சொன்னது

விளம்பரத்தை மட்டும் நம்பி இந்த ஆண்டு பிழைக்க முடியாது. என் கணக்கில் எட்டுக் கடையும் கூகுளும் சேர்ந்து, நல்ல மாதத்தில் 4,500 ரான்டைத் தொட்டிருக்கின்றன. அதற்கு எனக்கு நான்கு ஆண்டு ஆனது. ஆகவே அரை நாள் வேலை ஏதாவது கிடைத்தால் எடுத்துக்கொள், மீதி அரை நாளில் இதைச் செய் என்றேன். ஆங்கிலத்தில், டர்பன் சொற்களில், வீட்டில் பெரியவர்கள் செய்கிற சமையலும் பூஜை முறையும். வாரம் இரண்டு கட்டுரை. முதல் இருபத்தைந்து கட்டுரை வரை விளம்பரம் போட வேண்டாம், ஆளே வராத பக்கத்தில் விளம்பரம் போட்டு தினமும் சென்ட் எண்ணிக்கொண்டிருந்தால் மனசு விட்டுப்போகும். அதன்பின் ஆட்சென்ஸ் போடலாம். அதே வாரத்தில் முதல் கடையையும் பார்க்கலாம்.

குழந்தை குட்டி இல்லாமல், அப்பா அம்மா வீட்டில் இருக்கிறவளுக்குத்தான் இப்படிச் சொல்கிறேன். வீட்டுக்கு அவள் சம்பளம் மட்டும்தான் என்றால் முழு நேர வேலையைத் தேடு, இரவில் ஒரு மணி நேரம் எழுது என்றுதான் சொல்லியிருப்பேன். காலேஜ் படிக்கிற பையன் கேட்டால் யூடியூப் பக்கம் போகச் சொல்லியிருக்கலாம், அவனுக்கு நேரம் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர் கேட்டால் விளம்பரமே வேண்டாம், தமிழிலேயே எழுதுங்கள் ஐயா என்பேன்.

ஆறு மாதம் கழித்துப் பங்குனியில் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். அதற்குள் ஐந்து கடை, ஒரு நாளைக்கு முந்நூறு வாசகர். இரண்டில் ஒன்று வந்தாலும் தொடர்வது, இரண்டும் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு முழு நேர வேலைக்குப் போவது. அவளே தேதியைப் போனில் குறித்தாள்.

மறு வாரம் சனிக்கிழமைக் காலை வகுப்பு முடிந்ததும் இரண்டு பேரும் சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போனோம். மண் ஒட்டிய மடும்பியைக் குவித்து வைத்திருந்த ஆயாவிடம் எது வழுவழுக்காமல் வேகும், எது வழுவழுக்கும் என்று கேட்டு, ஆயா ஒன்றைக் கீறிக் காட்டியதைப் படம் எடுத்துக்கொண்டாள். திரும்பும் வழியில் ஒரு காகிதக் கடையில் நிறுத்தச் சொன்னாள். நீல அட்டை போட்ட நோட்டு ஐந்தும், ஒரு பெட்டி பென்சிலும் வாங்கினாள்.